வெட்சித் துறைகளும் மறைந்தாடும் கணினி விளையாட்டும்: கொங்கு நாட்டுச் சான்று தழுவிய ஓர் ஆய்வு

புறத்திணையை ஆராய்ந்தோர் வெட்சியைப் பெரும்பாலும் இறந்துபட்ட வழக்கமாகவே கருதி எழுதியுள்ளனர். ஆநிரையே செல்வமாக விளங்கிய காலத்தில் அதனைக் கவர்தல் போர்த்தொடக்கமாக இருந்தது. செல்வம் நிலமாகவும் பொன்னாகவும் மாறிய பின் அவ்வழக்கம் ஒழிந்தது. பின்வந்த புலவர் மரபு பற்றியே அதனைப் பாடினர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் முடிபு. இம்முடிபு வெட்சியில் கவரப்படும் பொருளை நோக்கியதேயன்றிக் கவரும் முறையை நோக்கியதன்று. கவரப்படுவது ஆநிரையா பிறிதொன்றா என்பதைச் சற்றே ஒதுக்கி வைத்து, சிலர் பலரறியாமற் பகைப்புலம் புக்கு, வினைமுடித்து மீளும் அம்முறை எங்கெங்கு எவ்வாறு நிலைபெற்றது என வினவினால் விடை வேறாகிறது. அவ்விடையின் ஒரு பகுதியை யாம் எதிர்பாராத ஓரிடத்திற் கண்டோம். கோயம்புத்தூர் இளைஞர்கள் கணினி நிலையங்களில் இரவும் பகலும் குழுமி ஆடிய ஒரு போர் விளையாட்டே அது.

'கமாண்டோஸ்: பிஹைண்ட் எனிமி லைன்ஸ்' என்பது அதன் பெயர். ஸ்பெயின் நாட்டுப் பைரோ ஸ்டூடியோஸ் என்னும் நிறுவனத்தார் ஆக்கியது. 1998-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரைக் களமாகக் கொண்டது. பகைவர் கண்ணிற் படாமல் ஊர்ந்து சென்று வினை முடிப்பதே இதன் இயல்பு. விளையாட்டினைப் பற்றிப் புறத்திணை ஆய்வில் எழுதுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைத்தவர் தொல்காப்பியர் என்பதை அவர்கட்கு நினைவூட்டி மேற்செல்கிறோம்.

விளையாட்டு ஒன்றினுள் போர் வரலாறு எவ்வாறு உறையும்? உடை, படைக்கலம், ஊர்ப்பெயர், கொடி ஆகியவற்றில் உறையும் என்பதே எளிதில் தோன்றும் விடை. இவை மேற்புறத்தில் இருப்பன. நூல்களைப் பார்த்து எவரும் வரைந்துவிடக் கூடியன. விளையாட்டின் விதிகளில் உறையும் வரலாறே ஆழ்ந்தது. ஆக்கியோரும் அறியாமல் அதனுட் புகுந்திருக்கக் கூடியது. இதனைத் தெளிவாக்கக் கொங்கு நாட்டிலேயே ஒரு சான்று உண்டு.

கொங்கு நாடு தொன்றுதொட்டே ஆநிரை நாடு. பதிற்றுப்பத்துப் புலவர் கொங்கரை ஆக்கள் நிறைந்தோர் எனச் சிறப்பிப்பதும், நீரருகிய அந்நாட்டில் ஆழ்ந்த கிணற்றிலிருந்து நீரெடுத்து ஆக்களுக்கு ஊட்டும் காட்சியைக் காட்டுவதும் அறிஞர் அறிந்தனவே. கோவையை அடுத்த பேரூரில் எழுந்தருளிய இறைவனுக்குப் பட்டீசர் என்பது பெயர். பட்டி என்பது காமதேனுவின் கன்று எனத் தலபுராணம் கூறும். பட்டி என்னும் சொல் ஆநிரைத் தொழுவத்தையும் குறிக்கும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. காங்கயம் பகுதியில் இன்றும் கிளுவை முள்வேலி சூழ்ந்த கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. வேலியை வளர்ப்பதும், படலை அடைத்து வைப்பதும், மாட்டைக் கணக்கிட்டு உள்ளே விடுவதும் அந்நிலத்தாரின் அன்றாட வினைகள். இழப்பின் அச்சம் நெடுங்காலம் பழகிய ஒரு மக்களின் ஒழுக்கம் இது.

இவ்வச்சத்தின் கல்வடிவமே புலிக்குத்திக்கல். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் ஊர்ப்புறத்தும் தோட்டத்து வரப்பிலும் இக்கற்கள் நிற்கின்றன. பாயும் புலியின் உடலில் வீரன் வேலையோ வாளையோ பாய்ச்சும் காட்சி அவற்றிற் செதுக்கப்பட்டிருக்கும். பட்டியைக் காக்கப் புலியை எதிர்த்து மாய்ந்தவனுக்கு ஊரார் செய்த சிறப்பு அது. இதே அச்சத்தின் விளையாட்டு வடிவம் ஆடுபுலி ஆட்டம். புலி மூன்று, ஆடு பதினைந்து, நிற்குமிடம் இருபத்து மூன்று. கோயில் மண்டபத்துக் கற்றளங்களிலும் பாறைகளிலும் இதன் கோடுகளை யாவரும் காணலாம். ஆட்டுக்குத் தாக்கும் ஆற்றல் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியின்றி நின்றால் மட்டுமே ஆடு பிழைக்கும். பின்னிடம் வெறுமையாக விடப்பட்ட ஆட்டைப் புலி தாண்டிக் கொல்லும். இவ்விளையாட்டில் வீரன் இல்லை, வேல் இல்லை, கதை இல்லை. ஆயினும் தனித்துப் பிரிந்த கன்று மாளும், நெருங்கி நிற்கும் நிரை பிழைக்கும் என்னும் மேய்ச்சல் நிலத்துப் பட்டறிவு முழுவதும் அதன் விதியில் நிற்கிறது. கல்லில் நினைவு வெளிப்பட நிற்கிறது; ஆட்டத்தில் மறைந்து நிற்கிறது. இவ்வளவே வேறுபாடு. இந்த அளவுகோலைக் கொண்டே கணினி விளையாட்டையும் நோக்க விரும்புகிறோம்.

முதற்கண் வெட்சியின் இலக்கணத்தைச் சுருங்கக் காண்போம். தொல்காப்பியர் வெட்சியைக் குறிஞ்சிக்குப் புறன் என்றார். இயைபு என்னை எனக் கேட்டு உரையாசிரியர் கூறும் விடை சிறந்தது. குறிஞ்சிக் களவும் நிரைகோடலும் மலைசார்ந்த நிலத்தன. இரண்டற்கும் நள்ளிரவு ஏற்ற பொழுது. இரண்டும் பிறர் அறியாமல் நிகழ்வன. காதலன் இரவுக்குறிக்கு வருவதும் வெட்சி மறவன் நிரைகொள்ள வருவதும் நடையால் ஒன்றே. காவலர் விழித்திருத்தல், நாய் குரைத்தல், நிலவு வெளிப்படுதல் ஆகியன இருவர்க்கும் இடையூறு. ஒளிந்து செல்லும் வினையைத் தனி ஒழுக்கமாகக் கண்டு, அதற்கு அகத்திலும் புறத்திலும் இடம் வகுத்த இலக்கணம் பிற மொழிகளில் அரிது என்றே எண்ணுகிறோம்.

துறைகளின் வைப்புமுறை மேலும் கருதத்தக்கது. புறப்படும் படையின் அரவம், விரிச்சி கேட்டல், பகைவர் ஒற்றர் அறியாவண்ணம் செல்லுதல், வேய் என்னும் ஒற்றாராய்தல், அவ்வொற்றின் வழிச்சென்று சூழ்ந்து தங்கும் புறத்திறை, ஊர்கொலை, ஆகோள், மீட்க வந்தாரை விலக்கும் பூசல்மாற்று, ஆக்கள் வருந்தாமல் ஓட்டிவருதல், எதிர்நோக்கிய சுற்றத்தார்முன் தோன்றுதல், தந்து நிறுத்தல், பாதீடு, உண்டாட்டு, கொடை எனப் பதினான்கும் நிகழ்ச்சி முறையில் அடுக்கப்பட்டுள்ளன. இப்பதினான்கனுள் ஆநிரையைக் கைக்கொள்ளும் செயல் ஒன்றே ஒன்று. அதற்கு முன்னுள்ளவற்றிற் பெரும்பகுதி அறிதலும் மறைதலும் காத்திருத்தலும் ஆகும். பின்னுள்ளவை மீளுதலும் பகிர்தலும் ஆகும்.

இனி விளையாட்டைக் காண்போம். ஆடுவோன் கையில் சிறு குழு ஒன்று தரப்படும். பச்சைத் தொப்பி அணிந்த வீரன், தொலைவிலிருந்து குறிதவறாது சுடுவோன், நீரில் மூழ்கிச் செல்வோன், வெடி வைப்போன், ஊர்தி ஓட்டுவோன், ஒற்றன் என அறுவர் உளர். ஒவ்வொரு களத்திலும் இவருட் சிலரோ பலரோ வருவர். முதற்களம் நார்வே நாட்டில்; பின்னர் வடஆப்பிரிக்கா, நார்மண்டி, செருமனி எனக் களங்கள் இருபது. எதிர்நிற்கும் காவலர் எண்ணிக்கை மிகுதி. நேர்நின்று பொருதால் தோல்வி உறுதி. ஓசை எழுந்தாலோ கொன்றவன் உடல் கண்ணிற் பட்டாலோ எச்சரிக்கை மணி ஒலிக்கும். பாசறையிலிருந்து மேலும் படைஞர் வெளிப்படுவர். குழுவில் ஒருவன் இறப்பினும் அக்களம் தோற்றதாகும்.

இவ்விளையாட்டின் உயிர்நிலை அதன் பார்வை விதியில் உள்ளது. ஆடுவோன் விரும்பும் காவலன் ஒருவனைச் சுட்டினால் அவன் கண் செல்லும் எல்லை திரையில் பச்சை நிறத்தில் விசிறிபோல் விரியும். அவ்விசிறி இரு கூறுடையது. அண்மைக் கூற்றில் ஊர்ந்து செல்வோனும் புலப்படுவான். சேய்மைக் கூற்றில் நிமிர்ந்து நடப்போன் மட்டுமே புலப்படுவான். சுவரும் வீடும் பார்வையைத் தடுக்கும். காவலன் திரும்பத் திரும்ப விசிறியும் சுழலும். ஆதலின் ஆடுவோன் நெடுநேரம் செய்வது சுடுதலன்று, பார்த்தலே. எவன் எப்பக்கம் திரும்புகிறான், எத்தனை எண்ணுவதற்குள் மீள்கிறான், எவன் பார்வையில் எவன் நிற்கிறான் என்று கணக்கிட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். இதுவே வேய். கணக்கு முடிந்தபின் ஒவ்வொருவனையும் அவனவன் இடத்தில் கொண்டுபோய் ஒளித்து, ஒரே நொடியில் எழுவதற்குக் காத்திருக்கச் செய்தல் புறத்திறை. ஆடிப் பழகிய மாணவர் ஒருவர்க்கு வேய்க்கும் புறத்திறைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க நேர்ந்தபோது உரைநூல்களைக் காட்டிலும் இவ்விளையாட்டே எமக்கு எளிதில் உதவியது என்பதைக் கூசாமற் சொல்லலாம்.

ஒப்புமை காணப்படுவதால் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று கூறுவாரல்லோம். ஸ்பெயின் நாட்டு இளைஞர் தொல்காப்பியம் கற்றிரார். ஒத்த இடர்ப்பாடு ஒத்த விதியைத் தோற்றுவித்தது என்பதே எம் கருத்து. மறைந்து செல்லும் போர் என்றும் எளியோன் போராகவே பிறக்கிறது. இவ்வகைக் கணினி விளையாட்டுகளின் தோற்றத்திலும் இவ்வுண்மை வேடிக்கையான வகையிற் புலப்படுகிறது. 1987-இல் சப்பானியர் இதேயோ கொசிமா 'மெட்டல் கியர்' என்னும் விளையாட்டை ஆக்க முற்பட்டபோது, அவர்க்குக் கிடைத்த கணினி பல வீரரையும் பல குண்டுகளையும் ஒருங்கே திரையிற் காட்டும் ஆற்றலற்றதாக இருந்தது. ஆகவே போரிடும் விளையாட்டை விடுத்துப் பகைவரைத் தவிர்த்துச் செல்லும் விளையாட்டை அவர் அமைத்தார். வலியின்மை மறைவைத் தந்தது. அதற்கும் ஆறாண்டு முன்னர், 1981-இல், அமெரிக்கர் சைலஸ் வார்னர் ஆக்கிய 'காசில் உல்ஃபன்ஸ்டைன்' நாசிகளின் கோட்டையிலிருந்து போர்த்திட்ட ஏட்டைக் களவாடித் தப்பும் ஒருவனைப் பற்றியது. பகைவன் சீருடையை அணிந்து அவனை ஏமாற்றும் வழி அதிலேயே வந்துவிட்டது.

கமாண்டோஸ் என்னும் பெயர் எங்கிருந்து வந்தது என ஆராய்ந்தபோதே எம் ஆய்வு ஒரு திருப்பம் கண்டது. 1940-இல் டன்கர்க்கிலிருந்து பிரித்தானியப் படை பின்வாங்கிய உடனே, கடல்கடந்து சிறுசிறு குழுக்களாகச் சென்று தாக்கி மீளும் படை ஒன்றினை அமைக்கவேண்டுமெனத் தளபதிகளுக்குக் கருத்துரைத்தவர் டட்லி கிளார்க் என்பவர். பேரரசின் பெரும்படை தோற்றுத் திரும்பிய சூழலில் தோன்றியது அக்கருத்து. அவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். 1899 முதல் 1902 வரை நடந்த போரில் பிரித்தானியரை அலைக்கழித்த போயர் குதிரைவீரரின் குழுக்களுக்கு வழங்கிய பெயரையே புதிய படைக்கும் வைக்கச் செய்தார். போயர்க்கு அப்பெயர் யாங்ஙனம் வந்தது? பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னம்பிக்கை முனைப் பகுதியிற் குடியேறிய ஒல்லாந்தர், தம் மாடுகளை அந்நிலத்துப் பழங்குடியினர் ஓட்டிச் சென்றபோது அவற்றை மீட்பதற்கென்று குதிரைமேற் புறப்பட்ட ஊர்க்குழுக்களே கமாண்டோ எனப்பட்டன.

ஆகவே அச்சொல்லின் வேரில் இருப்பது நிரைமீட்டல். நம் இலக்கணத்தார் கரந்தை என்பது. மாட்டைத் தேடிச் சென்ற குடியேற்றத்தாரின் குழு, தோல்வியுற்ற பேரரசின் ஒளிப்படையாகி, மாட்ரிட் நகரத்தார் செய்த விளையாட்டாகிக் கோவை நகரத்துத் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆடிய இளைஞர்க்கு இது தெரியாது, ஆக்கியோரும் எண்ணியிரார். மறைந்துறையும் வரலாறு என்று யாம் கூறுவது இதனையே. (கரந்தை என்னும் பெயரைக் கரத்தல் என்னும் வினையோடு இயைத்து, ஒளிதல் என்னும் பொருளை இங்கே காட்ட ஆசை எழுதல் இயல்பு. அது பூவின் பெயர். ஒலியொப்புமை காட்டும் இவ்வகை வலைகளில் வீழ்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று.)

இன்னும் ஒன்று. மீட்கப் புறப்பட்ட அக்குழுக்கள் தம் மாட்டோடு நின்றனவல்ல. பழங்குடியினரின் மாடுகளையும் ஓட்டி வந்தன என்பது தென்னாப்பிரிக்க எல்லைப்புற வரலாறு. மீட்டல் எங்கே முடிந்தது, கவர்தல் எங்கே தொடங்கியது எனப் பிரித்தல் அரிதாயிற்று. தொல்காப்பியர் கரந்தையைத் தனித்திணையாக்காமல் வெட்சியினுள்ளேயே அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியர் ஐயனாரிதனார் அதனைத் தனித்திணையாகப் பிரித்தார். பிற்காலப் பகுப்பே தெளிவுடையது எனப் பலர் கருதுவர். தெளிவு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் கவர்வோனும் மீட்போனும் ஒரே வினையின் இரு முகங்கள் என்பதை உணர்ந்து ஒன்றாக வைத்த தொல்காப்பியர் நெறியே போரின் உண்மைக்கு அணித்து எனத் தோன்றுகிறது.

விளையாட்டில் உள்ளனவற்றைக் கண்டோம். இல்லாதன எவை எனக் காண்டல் அதனினும் பயனுடைத்து. வினை முடிந்து குழுவினர் ஊர்தியிலோ படகிலோ ஏறினால் களம் நிறைவுறும். அடுத்த களம் திறக்கும். பாதீடு இல்லை, உண்டாட்டு இல்லை, கொடை இல்லை. எதிர்நோக்கி நிற்கும் ஊர் இல்லை. வெண்பாமாலை ஒரு துறையை மிகுத்துக் கூறுகிறது. புலனறி சிறப்பு என்பது அதன் பெயர். பகைப்புலத்து நிலையை ஒற்றி அறிந்து வந்தவனுக்குப் பிறரினும் மிகுதியாகக் கொடுத்துச் சிறப்பித்தலே அது. வாளெடுத்தவனைக் காட்டிலும் கண்டுவந்தவனுக்குப் பங்கு மிகுதி! விளையாட்டின் ஒற்றனோ பகைவன் சீருடையில் நடுக்களத்தில் நின்று அனைவரையும் காப்பாற்றிவிட்டுப் பிறரோடு படகேறுகிறான்; அவ்வளவே.

கல்லும் இல்லை. தொல்காப்பியர் வெட்சித்திணையின்கண் வீழ்ந்தோனுக்குக் கல்நடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறாக விரித்தார். இது ஏட்டு வழக்கன்று என்பதற்குச் செங்கம், தருமபுரிப் பகுதிகளில் தொறு என்னும் சொல்லோடு கிடைத்த பல்லவர் கால நடுகற்கள் சான்று. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006-இல் கண்ட தமிழ்பிராமி நடுகல் ஒன்றில் ஆகோள் என்னும் சொல்லே பொறிக்கப்பட்டுள்ளது. இலக்கணத் துறைப்பெயர் கல்லிலும் நின்றது என்பது சிறு செய்தியன்று. விளையாட்டில் இறந்தவன் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை; பொறிக்க வேண்டுவதும் இல்லை. முன்பு சேமித்து வைத்த நிலையிலிருந்து அவன் மீண்டும் எழுந்து வருவான். பத்து முறை மாண்டவன் பதினோராம் முறை வெல்கிறான்.

உண்மைப் போரில் நிகழ்ந்ததை எண்ணுக. 1942 திசம்பரில் பிரான்சு நாட்டுப் போர்தோ துறைமுகத்துக் கப்பல்களில் வெடிவைக்கச் சிறு படகுகளில் பிரித்தானியக் கடற்படைவீரர் பதின்மர் புறப்பட்டனர். மீண்டவர் இருவரே. குளிரில் இறந்தோர் இருவர். பிடிபட்டுக் கொல்லப்பட்டோர் அறுவர். அவ்வாண்டு அக்டோபர் 18-ஆம் நாள், பிடிபடும் கமாண்டோ வீரர் எவரையும் உயிரோடு விடலாகாது என இட்லர் பிறப்பித்திருந்த ஆணையே அக்கொலைக்குக் காரணம். விளையாட்டில் நீர்மூழ்கி வீரன் காற்றடைத்த சிறு படகை முதுகிற் சுமந்து செல்வதைக் காணும்போது, போர்தோவின் பதின்மரை நினைப்பவர் எத்தனை பேர்? படகு விதியில் நுழைந்துவிட்டது; மாண்டோர் நுழையவில்லை. ஆடுபுலி ஆட்டத்தின் அருகே புலிக்குத்திக்கல் நிற்பதுபோல் இவ்விளையாட்டின் அருகே கல் எதுவும் நிற்கவில்லை. அயலார் வினையாதலின் கோவைத் தெருவில் அதற்குக் கல் இராமை இயல்பே.

ஆயின் கொங்கு மண்ணிலேயே அப்போர்க்காலத்தில் ஓர் ஒளிவினை நிகழ்ந்தது. அது பற்றியே முடிவாகக் கூறவேண்டியுள்ளது. 1942 ஆகஸ்டு 8-ஆம் நாள் பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறிற்று. மறுநாள் விடியலிலேயே தலைவர்கள் சிறைப்பட்டனர். ஆணையிடுவார் இன்றி ஊர்கள் தாமே எழுந்தன. கோவை வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளரும் சிற்றூர் இளைஞரும் இதில் முன்னின்றனர். அம்மாதத்தில் சிங்காநல்லூர் அருகே படைக்கலம் ஏற்றிச் சென்ற தொடர்வண்டி தடம்புரளச் செய்யப்பட்டது. ஆகஸ்டு 26-ஆம் நாள் இரவு, போர்த்தேவைக்கென ஆட்சியாளர் அமைத்து வந்த சூலூர் வானூர்தித் தளத்துள் மக்கள் புகுந்து கொட்டகைகளுக்கும் ஊர்திகளுக்கும் தீயிட்டனர். பின்னர்ச் சுற்றுவட்டச் சிற்றூர்கள் அடக்குமுறைக்கு ஆளாயின; பலர் சிறை சென்றனர். அத்தளம் இன்று இந்திய வான்படையின் தளமாக விளங்குகிறது.

கமாண்டோஸ் விளையாட்டில் இரவோடிரவாகத் தளத்துட் புக்கு எரித்து மீளுதல் வெற்றிவினை. சூலூரில் நடந்ததும் வடிவத்தால் அதுவே. ஆனால் விளையாட்டு யார் பக்கம் நின்று வரலாற்றைச் சொல்கிறதோ அப்பக்கத்தாரின் தளமே சூலூரில் எரிந்தது. சூலூருக்கோ சிங்காநல்லூருக்கோ உறவுடைய இளைஞன் ஒருவன் கோவையில் அமர்ந்து பிரித்தானிய வீரனை ஓட்டிச் செல்லுங்கால், தன் முப்பாட்டனார் தலைமுறையில் ஒருவர் அதே வினையை அவ்வீரனின் அரசுக்கு எதிராகச் செய்திருக்கலாம் என்பதை அறியான். இதற்காக விளையாட்டைக் குறைகூறுதல் பயனில. நாசிகளை எதிர்த்த போர் நேரிய போரே. அதே போரை நடத்திய அரசு இங்கே அடிமைப்படுத்திய அரசாக இருந்தது என்பதும் உண்மையே. ஒரு திரையில் ஒருவர் பார்வை விசிறி மட்டுமே விரிகிறது. புறத்திணையிலோ கவர்வோனுக்கு ஒரு பூ, மீட்போனுக்கு ஒரு பூ என இருவர்க்கும் பூ உண்டு.

சூலூர் நிகழ்ச்சியை எத்துறையில் அடக்குவது என யாம் பலகால் எண்ணியதுண்டு. நெருப்பிட்டதை நோக்கினால் வஞ்சித்திணையின் எரிபரந்தெடுத்தல் எனலாம். ஆனால் வஞ்சி மண்ணாசையால் வேந்தன்மேல் வேந்தன் வெளிப்படையாகச் செல்லும் செலவு. இதுவோ இரவில், காவலர் அறியாமல், தம் மண்ணிலேயே நிகழ்ந்தது. ஆநிரை இல்லை, கவர்ந்து சென்ற பொருளும் இல்லை. எனினும் முறையால் இது வெட்சியே. மேலும் ஒரு தடை எழும்: வெட்சி மறவர் வேந்தனால் ஏவப்பட்டோர் என்பது தொல்காப்பியர் கருத்து. 1942-இல் ஏவ வேண்டியோர் சிறையில் இருந்தனர். இத்தடைக்கு விடை வெண்பாமாலையில் உள்ளது. வெட்சியை மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என இரண்டாகப் பகுத்தார் ஐயனாரிதனார்; வேந்தன் ஏவலாற் செய்வது முன்னது, ஏவுவார் இன்றித் தாமே துணிந்து செய்வது பின்னது. 1940-இல் அரசாணையால் அமைந்த கமாண்டோப் படை மன்னுறு தொழிலின்பாற்படும். அவரைப் பின்பற்றிய விளையாட்டும் ஒவ்வொரு களத்தின் தொடக்கத்திலும் மேலதிகாரியின் ஏவலோடுதான் தொடங்குகிறது. சூலூரின் அவ்விரவு தன்னுறு தொழில்.